பின்னால் லைட் பிடித்தவள்

எங்கள் வெள்ளாங்கரையில் ஆட்கள் மங்க ஆரம்பித்த வருஷம் மழை தப்பவில்லை, ஆற்றில் தண்ணீர் குறையவில்லை, காரும் பிசானமும் இரண்டு போகமும் நன்றாகவே விளைந்தன, கல்யாண மண்டபம் ஒரு முகூர்த்தத்துக்குக்கூடச் சும்மா கிடக்கவில்லை, அதனால் சாமி குத்தம் என்றும் சனிப்பெயர்ச்சி என்றும் யாரும் காரணம் தேடி அலையவில்லை. காரணத்தை எங்கே போய்த் தேட? அது நயினார் ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில், ஒரு மஞ்சள் துணிக்குள், உள்ளங்கையில் அடங்குகிற பழைய லென்ஸாக உட்கார்ந்திருந்தது. ஊருக்கே தெரியும். தெரிந்தும் எல்லாரும் அதற்கு முன்னால் போய் நின்று பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் பிரம்மசக்தி. தேரடிக்குக் கிழக்கே, நயினார் ஸ்டுடியோவை ஒட்டி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். இந்த ஊர்க் கல்யாணப் பெண்களில் என் கைக்கு முகத்தைக் கொடுக்காமல் மணவறை ஏறினவள் ஒருத்தி இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். முகம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அதனால்தான் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஆறுமுகநயினார் நல்லவன்தான். ரீல் காலத்தில் அவன் அய்யா நடத்திய ஸ்டுடியோவை டிஜிட்டலுக்கு மாற்றினான், பெண்டாட்டி உலகம்மையைக் கூட்டிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக ஓடினான். அவன் முன்னால் நின்று படம் பிடிப்பான், அவள் மணமக்களுக்குப் பின்னால் நின்று லைட் பிடிப்பாள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால்தான் பெண்ணின் கொண்டைப் பூவும் தோள்பட்டையும் மினுங்கும். அதற்காக அவள் மணமக்களின் முதுகுக்குப் பின்னால் குனிந்தும் நிமிர்ந்தும், அட்சதை தலையில் விழ, ஹோமப்புகை கண்ணில் ஏற, முகூர்த்தம் முடிகிறவரை அந்த லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆல்பம் போடும்போது அவள் கையும் சேலை நுனியும் தெரிகிற இடத்தையெல்லாம் நயினாரே உட்கார்ந்து வெட்டி எடுத்துவிடுவான். அதுதான் தொழில், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள்.

அந்த நேரத்தில்தான் திருநெல்வேலி ஸ்டுடியோக்காரர்கள் ஒரு புதுமாதிரி படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் பளிச்சென்று இருப்பார்கள், பின்னால் இருக்கிற மண்டபம், தோரணம், சித்தப்பா, பெரியப்பா எல்லாம் கரைந்து வெறும் வெளிச்சப் பொட்டுகளாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஊரே நயினாரைப் பிடித்துக்கொண்டது. "பின்னாடி மங்கலா வரணும் நயினாரு, ஆளு மட்டும் எடுத்துக் குடுக்கணும்." அவனிடம் இருந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டுகிற சாது. அந்த மாதிரி மங்கலுக்கு அகலமாகத் திறக்கிற லென்ஸ் வேண்டும், புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் ரீல் காலத்து ஸ்டாண்டர்டு லென்ஸ் ஒன்று வாங்கி, இடையில் ஒரு வளையம் போட்டு டிஜிட்டலில் மாட்டிக்கொள்ளலாம், அய்யாவின் ரீல் கேமராவிலும் அப்படியே மாட்டலாம் என்று கணக்குப் போட்டு, உலகம்மையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனான்.

மதுரையில் ஒரு மாடிக் கடை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, அதன் மேல் நாலு லென்ஸை வைத்து, ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் காட்டி, உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும், வளையம் எப்படித் திரும்ப வேண்டும், வெளிச்சம் நுழைகிற துளையைச் சுற்றி உள்ளே இருக்கிற இதழ்கள் எப்படிச் சட்டென்று மூடித் திறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாராம். ஊருக்கு வந்ததும் உலகம்மை என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்டாண்டர்டு லென்ஸ்னா மனுசக் கண்ணு மாதிரி தம்பி. தூக்கியும் காட்டாது, விரிச்சும் காட்டாது. ரீல்ல போட்டா முழுசா விழும். உங்க டிஜிட்டல் கேமராவுக்கு உள்ள சின்னது, அதுல போட்டா நடுவுல இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு ஓரத்தை விட்டுரும். அதைத் தெரிஞ்சு வாங்குங்க," என்றாராம் பாய்.

முதல் லென்ஸ் ரஷ்யாவில் செய்தது, பின்னால் இருப்பதையெல்லாம் சுழற்றிவிடும் என்றார். இரண்டாவது ஜெர்மனி, கூர்மையானது, ஆனால் அவ்வளவாகத் திறக்காது. மூன்றாவது ஜப்பான், லேசானது, சுத்தமானது, இதழ்கள் நன்றாக வேலை செய்தன, இதை எடுங்கள் என்று பாய் அதைத்தான் முன்னால் தள்ளினாராம். நாலாவதை அவர் கையில்கூட எடுக்கவில்லை. பெரிய கண்ணாடி, மாட்டுக் கண் மாதிரி. நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வேணாம் தம்பி. உள்ள எண்ணெய் இறங்கி இதழ் ஒட்டிக்கிச்சு. முழுசாத் திறந்தபடியே நிக்கிது. மூடாது."

"எனக்கு அது மூடவே வேண்டாம் பாய். தொறந்துதான எடுக்கப் போறேன்."

"மூணாவதையே எடுங்க," என்று உலகம்மை சொல்லியிருக்கிறாள். "கண்ணுன்னு ஒண்ணு இருந்தா அது மூடவும் வேண்டாமா?"

நயினார் சிரித்துவிட்டு நாலாவதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பெண்டாட்டி சொல்லி எந்த ஆம்பிளை கடையில் சாமானை மாற்றியிருக்கிறான், சொல்லுங்கள்.

அந்த லென்ஸைப் போட்டு முதலில் எடுத்தது ரைஸ்மில் தளவாய் மகள் ஆவுடையின் கல்யாணம். அலங்காரம் நான்தான். சும்மா சொல்லக் கூடாது, ஆவுடை சுமாரான பெண், கூட்டத்தில் நின்றால் இன்னொரு தடவை பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அவள் தெப்பக்குளத்தின் மேல்கரையில் நின்றாள், கீழ்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது, மூக்குத்தியின் திருகு தெரிந்தது, உதட்டுக்கு மேலே இருந்த பூனைமுடி தெரிந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நல்லா எடுத்திருக்கான் நயினாரு, என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிழிந்தார்கள்.

அதே நாளில் அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்த தவசிப்பிள்ளை சங்கிலி டீக்கடைக்கு வந்தபோது அவன் முகம் இருந்த இடத்தில் முகம் மாதிரி ஒன்று இருந்தது, மழை நாளில் ஆவி படிந்த பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளைப் போல. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மணமக்களுக்குப் பின்னால் குறுக்கே போனவன் அவன். பெண்ணின் சித்தி மாடத்தியும் மங்கிவிட்டாள். தாலி அறுத்தவள் முன்னால் நிற்க வேண்டாம் என்று அவளைத் தூணோரமாக நிறுத்தியிருந்தார்கள், அந்தத் தூணும் மங்கிவிட்டது. தவில்காரர், இலை எடுக்கிற பெண்கள், மாப்பிள்ளை வீட்டு டிரைவர் என்று பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் மறுநாள் மங்கலாகவே எழுந்து, மங்கலாகவே பல் தேய்த்து, வழக்கம்போல வேலைக்குப் போனார்கள்.

யாராவது அலறியிருப்பார்கள், போலீஸுக்குப் போயிருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அட போங்க. ரேஷன் கடைக்காரர் மட்டும் முதல் மாதம் கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு கைரேகை விழுகிறதே, முகம் எதற்கு என்று விட்டுவிட்டார். கண்டக்டர் மங்கின ஆட்களுக்குக் குரலைக் கேட்டுச் சில்லறை கொடுக்கப் பழகினார். பால்காரர் அவர்கள் வீட்டு வாசலில் பேரைக் கேட்டுவிட்டு ஊற்றினார். மங்கினவர்கள் தங்களுக்குள் பேசி, சங்கிலி பச்சைத் துண்டு, மாடத்தி ஊதாச் சேலை, தவில்காரர் சிவப்புத் தொப்பி என்று ஆளுக்கு ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அம்மா படம் வரையும்போது சில பிள்ளைகள் தலைக்குள் ஒன்றும் போடாமல் விட்டார்கள், டீச்சர் அதற்கும் முழு மதிப்பெண் போட்டார். நாய்களும் மாடுகளும் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. "அவங்க எதுக்கு அங்க போயி நின்னாங்க?" என்று ஊர் கேட்டது, கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முன்னால் நின்றவர்களுக்கோ யோகம் அடித்தது. அந்தத் தெளிவுக்கு ஒரு மயக்கம் உண்டு, பார்த்த கண்ணை எடுக்க முடியாது. பெண்களுக்கு வரன் தேடி வந்தது, கவுன்சிலருக்கு ஓட்டு விழுந்தது, ஆவுடையின் மாமியார் வீட்டில் அவளைக் கையில் வைத்துத் தாங்கினார்கள். ஊர் சும்மா இருக்குமா? முன்வரிசைக்கு அடிதடி வந்தது. பின்னால் நிற்க மாட்டேன் என்று தாய்மாமன்கள் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போனார்கள். கடைசியில் பின்னால் யாருமே நிற்காத ஒரு கல்யாணம் நடந்தது, லைட்டைக்கூட ஸ்டாண்டில் மாட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு ஒரு தெளிவும் வரவில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. சுவரும் தூணும் மங்கினால் மனுசருக்கு ஒன்றும் கூடாது, ஆள் வேண்டும். அதன் பிறகு பத்திரிகை அடிக்கிறபோதே, பந்தலுக்கு ஆள் சொல்வதுபோல, பின்னால் நிற்கவும் கூலிக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்று நடுவுக்குப் போகிற பெண்கள் முகூர்த்த நாளில் அதற்குப் போனார்கள், வெயில் இல்லை, சோறும் உண்டு என்று. எனக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டுத் திட்டினேன். "உனக்கு என்ன பொறாமை, உன் மேக்கப்பை இப்ப யாரும் மதிக்கலைன்னா?" என்று என்னையே கேட்டார்கள்.

இதற்குள் உலகம்மை மங்கிக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் ஒரு கல்யாணத்தில் பின்னால் நின்றவர்கள், இவள் ஒவ்வொரு கல்யாணத்திலும் நின்றவள். முதலில் கம்மல் தெரியாமல் போயிற்று, பிறகு புருவம், பிறகு சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்பது. நயினார் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடி போட்டான். தனக்குத்தான் பார்வை குறைகிறது என்று கண் டாக்டரிடம் போய், கண்ணாடி மாற்றி, அதுவும் சரியில்லை என்று இன்னொன்று மாற்றி, "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று திட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அவள் என் கடைக்குப் புருவம் எடுக்க வந்தாள். என் விரலால் தடவித் தடவித்தான் நூலை வைத்தேன். தோல் இருந்தது, எலும்பு இருந்தது, மயிர் இருந்தது, எல்லாம் கைக்கு இருந்தது, கண்ணுக்கு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, லைட்டைத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான? அவன்ட்டச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா. இந்த ஒரு முகூர்த்தம், இந்த ஒரு முகூர்த்தம்னு சொல்லுதாவ. வேற ஆளு பிடிச்சா வெளிச்சம் ஆடுதாம்." கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "இன்னொரு கல்யாணம்னா நான் முழுசாப் போயிருவேன்க்கா. காலைல கண்ணாடியப் பாத்தா பின்னால இருக்க சுவரு தெரியுது."

நயினாருக்கு அது உறைத்தது தை மாதத்தில். மண்டபத்து வாசல் படியில், மத்தியானம், சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, "வா உலகு, போவோம்" என்று ஒருத்தியின் கையைப் பிடித்தான். அவள் இலை எடுக்கிற பெண். பதறிக் கையை உதறினாள். உலகம்மை நாலு படி மேலே லைட்டோடு நின்றுகொண்டிருந்தாள், அவள் அதைப் பார்த்தாளா, எப்படிப் பார்த்தாள் என்று சொல்ல அவளுக்கு முகம் இல்லை. நயினார் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே அவளை ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார வைத்து, லென்ஸ் வளையத்தைப் பக்கத்திலிருந்து தூரம்வரை திருப்பினான், தூரத்திலிருந்து பக்கம்வரை திருப்பினான், எந்த இடத்திலும் அவள் தெளியவில்லை. ஸ்டூலின் கால் தெளிந்தது, சேலையின் கரை தெளிந்தது. பிறகு பழைய படமாவது இருக்குமே என்று ஆல்பங்களை இறக்கினான். ஊரில் உள்ள எல்லா முகமும் அதில் இருந்தது. அவள் முகம் மட்டும் இல்லை. அவர்கள் சொந்தக் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் தலையைக் குனிந்து, மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

"நிமிந்து ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா?" என்றான்.

"குனி, குனின்னு சொன்னது உங்க அய்யாதான. பொம்பளப்புள்ள நிமிந்து பாக்கக் கூடாதுன்னாவ."

நயினார் ஆல்பத்தை மூடிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று எழுந்தேன், அழட்டும், இதற்காவது அழட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுவாரம் மதுரைக்கு ஓடினான். பாய் லென்ஸைப் பிரித்து, இதழ்களைப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் போகத் துடைத்து மாட்டிக் கொடுத்தார். இப்போது அது மூடியது, கடைசியில் இருக்கிற பதினாறாம் நம்பர் வரைக்கும், ஊசி முனை அளவுக்கு மூடியது. அப்படி மூடி எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றுபோல விழும் என்பது படம் பிடிக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். நயினார் மண்டபத்துக் குத்துவிளக்கை இரவல் வாங்கிவந்தான். எல்லாக் கல்யாணத்திலும் முன்னால் நின்று நின்று அது தேரடிவரைக்கும் தெரிகிற விளக்கு. அதற்குப் பின்னால், மங்கிப்போன ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, பதினாறில் மூடி ஒரு படம் எடுத்தான். விளக்கு சாதாரண விளக்கானது. நாற்காலி சாதாரண நாற்காலியானது, அதன் முதுகில் யாரோ ஒட்டிய சூயிங்கம்கூடத் தெரிந்தது. படத்துக்குள் இருக்கிற தெளிவை அது எல்லாருக்கும் சரிபாதியாகப் பங்கு வைத்தது, அவ்வளவுதான்.

இனி என்ன, முடிந்தது கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். நயினார் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனான், பேச்சுத் துணைக்கு நானும் கூடப் போனேன். "உங்க வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு ஆளுத் தெளிவு இருக்கு. உலகம்மைகூட ஒரே ஒரு படம் நின்னா போதும். பாதி போனாலும் ஒரு ஆளுத் தெளிவு மிச்சம், மத்த எல்லாரையும் மாதிரி." எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். உலகம்மையைப் பற்றி உச்சுக் கொட்டினார்கள். கவுன்சிலர் தேர்தல் முடியட்டும் என்றார். ஒரு வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றார்கள், இன்னொரு வீட்டில் ஜோசியரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

தளவாய் மட்டும் நேராகப் பேசினார். "மத்த எல்லாரையும் மாதிரி இருக்கவா நான் மண்டபம் பிடிச்சு, சீர் செஞ்சு, ஊரக் கூட்டிக் கல்யாணம் பண்ணுனேன்? உம் பொண்டாட்டிய யாரு அங்க போயி நிக்கச் சொன்னது? நானா சொன்னேன்?"

"இல்லண்ணாச்சி, நான்தான் சொன்னேன்," என்றான் நயினார்.

வாசலுக்கு வந்தபோது, தாய்வீட்டுக்கு வந்திருந்த ஆவுடை பின்னாலேயே வந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்க்கக் கண் கூசியது. "அத்தை, கோவிச்சுக்காதீங்க. என் மாமியா என்னய வச்சிருக்கதே இதுக்குத்தான். இது போச்சுன்னா மறுநாளே பெட்டியக் கட்டி அனுப்பிருவாவ. முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள். எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு வந்தேன்.

தேரடிக்கு வந்ததும் நயினார் நின்றான்.

"எனக்கு ஒரு ஆளுத் தெளிவு இருக்குக்கா. அதுல பாதி அவளுக்கு. ரெண்டு பேரும் பாதிப் பாதியா இருந்துட்டுப் போறோம்."

"தொழிலு?"

"எடுத்த வரைக்கும் போதும்."

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் ஸ்டுடியோவின் பின்சுவரை ஒட்டி உலகம்மையை நிறுத்தினான். பதினாறில் மூடினால் வெளிச்சம் நிறைய வேண்டும். டிஜிட்டல் கேமராவைத்தான் ஸ்டாண்டில் மாட்டியிருந்தான். டைமரை வைத்துவிட்டுத் தானே ஓடிப்போய் நிற்பதாக ஏற்பாடு. நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சந்துக்குள்ளிருந்து பச்சைத் துண்டு ஒன்று வந்தது. பின்னாலேயே ஊதாச் சேலை. பிறகு சிவப்புத் தொப்பி. பிறகு இலை எடுக்கிற பெண்கள், நாற்று நடுகிற பெண்கள், டிரைவர், பந்தல்காரர், ஐஸ்கிரீம் ஸ்டாலில் நின்றவர், யார் யாரோ, ஒருவர் பின்னால் ஒருவராக வந்து, உலகம்மைக்கு இரண்டு பக்கமும் பின்னாலும் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்கள். பின்னால் நின்று நின்று அவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நயினார் பதறிவிட்டான். "இல்ல, இது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்... இத்தன பேருக்கு என்ட்ட ஏது? ஒரு ஆளுக்குள்ளதுதான இருக்கு."

யாரும் நகரவில்லை. சங்கிலிதான் பேசினான். "தெரியும் நயினாரு. எம் பொண்டாட்டிக்கு எம் மீச பிடிக்கும். அது மட்டும் வந்தாப் போதும்."

நயினார் கேமராவுக்குள் பார்த்தான், சட்டென்று அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. என்னிடம் குனிந்து மெல்லச் சொன்னான். "இந்த டிஜிட்டல் ஓரத்த வெட்டிரும்க்கா. உலகு ரெண்டு எட்டு முன்னால வந்தா அவளும் நானும் மட்டும் நெறஞ்சு நிப்போம். இவங்க யாரும் விழ மாட்டாங்க."

மெல்லத்தான் சொன்னான், உலகம்மைக்குக் கேட்டுவிட்டது.

"அய்யாவோட ரீல் கேமராவ எடுத்துட்டு வாங்க. அதுலதான் எல்லாரும் விழுவாவ," என்றாள்.

"உலகு, உன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு தடவ."

"இவங்களப் பின்னால நிக்கச் சொன்னது நீங்க. வெளிச்சம் அடிச்சது நான். இப்ப நம்மளே வெட்டி எடுத்துருவோமா?"

அவன் அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் சுவரில் சுட்டது. பிறகு உள்ளே போய், அய்யாவின் ரீல் கேமராவை எடுத்துவந்து, ஒரு ரீலைச் சுற்றி, லென்ஸைக் கழற்றி அதில் மாட்டி, கடைசி ஆள்வரைக்கும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, டைமர் முள்ளை இழுத்துவிட்டான். அது கர்ரென்று ஓட ஆரம்பித்தது. அவன் ஓடிப்போய் உலகம்மை பக்கத்தில் நின்றான். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. ஒரு ஆள் தெளிவை எடுத்து இந்தக் கூட்டம் என்ன செய்யும், எச்சில் தொட்டு நெற்றியில் வைக்கவும் காணாதே என்று கோபம் கோபமாக வந்தது. அவன் மேல் கோபமா, ஊர் மேல் கோபமா, தெரியவில்லை. "நாசமாப் போங்க எல்லாரும்!" என்று கத்திக்கொண்டே குடையை எறிந்துவிட்டு நானும் ஓடி மாடத்தி பக்கத்தில் நின்றேன். முள் நின்றது, கேமரா கண்ணை மூடித் திறந்தது.

அது நடந்து மாதங்களாகிவிட்டன. என் கடைக் கண்ணாடியில் எனக்கு நானே பொட்டு வைத்துக்கொள்ள முடிவதில்லை, பழகிவிட்டது. நயினாருக்குப் பச்சை மஞ்சள் கோடு போட்ட சட்டை, அதை வைத்து ஊர் அடையாளம் கண்டுகொள்கிறது. கல்யாணங்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறு ஆள் வருகிறான், அவனிடமும் பின்னாடி மங்கலாகத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த நேரத்தில், கேமரா சத்தம் ஓய்ந்ததும், நாங்கள் எல்லாரும் சுவரோரம் நின்றபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஆளுக்குரியது அத்தனை பேருக்கும் பிரிந்தால் எவ்வளவு வரும்? ஆளுக்கு ஒரு அரிசி அளவு வந்திருந்தது. சங்கிலிக்கு மீசையின் ஒரு பக்க நுனி. மாடத்திக்குக் கழுத்தில் பழைய சரடு இருந்த தடம். தவில்காரருக்கு ஒரு பல். மற்றபடி எல்லாம் முன்போலவே மங்கலாக இருந்தது. நயினார் அவசர அவசரமாக உலகம்மையின் பக்கம் திரும்பி, குனிந்து, அவள் முகம் இருந்த இடமெல்லாம் தேடினான், கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை, தேடித் தேடி வலது காதுக்கு மேலே வந்ததும் அவன் கை நின்றது. அங்கே ஒரு கொத்து முடி மட்டும் அச்சடித்தாற்போல் தெளிவாகத் தெரிந்தது.

"உலகு, உனக்கு நரச்சிருக்கே," என்றான். "இந்த லென்ஸு எழவால நீ மங்கிக் கெடந்ததுல, நரச்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

"அது லென்ஸு வாங்கப் போறதுக்கு ரொம்ப முந்தியே நரச்சது," என்றாள் உலகம்மை.